ஐம்பது தரம் எழுதவைத்த பிழை

மனே,

காலையிலிருந்து மூன்று தரம் உன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து மூடிவிட்டேன். நீ டிக்கெட் எடுக்க ஸ்டேசனுக்குப் போயிருக்கிறாய். அம்மா குசினியில் உனக்காக எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெட்டிக்குள், உன் வேட்டிகளுக்கும் குளிருக்கென்று வாங்கிய கம்பளிக்கும் நடுவில், கறுப்பு மட்டை போட்ட என் பழைய கொப்பி இருக்கிறது. முதல் தரம் அதை வெளியே எடுத்தேன். இரண்டாம் தரம் திரும்ப வைத்தேன். மூன்றாம் தரம் கையில் எடுத்தபோது அம்மா வந்து, "என்னத்தத் தேடுறீங்க? அவன்ட பெட்டியக் குழப்பாதீங்க" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இந்த மேசைக்கு வந்தேன். இருந்து எழுதவும் முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து படலை வரைக்கும் போய் வருகிறேன், பிறகு அடுத்த வரி.

நாளை மறுநாள் நீ மலைநாட்டுக்குப் போகிறாய். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கப் போகிறாய். என் கொப்பியை எடுத்துப் போகப் போவதாக நீ என்னிடம் சொல்லவில்லை. பெட்டியில் கண்டபிறகுதான் தெரிந்தது. வேறொரு தகப்பனுக்கு இது பெருமையாக இருந்திருக்கும். எனக்கோ அதை எடுத்து ஒளித்துவிடத் தோன்றுகிறது. அந்தக் கொப்பியில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது. அது பிழை என்று எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் அன்றே தெரியும் என்று எனக்குப் போன கிழமைதான் தெரிந்தது.

அந்தக் கொப்பி எப்படி வந்தது என்பதை உனக்கு நான் சொன்னதேயில்லை. என்னுடைய அப்பா தச்சுவேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். எங்களுக்குப் படிப்பித்தவர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் எழுதிக்கொண்டே போக வேண்டும். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் தகப்பன் கிளார்க்காகவோ தபால் கந்தோரிலோ இருப்பார்; விட்டதை வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். எனக்குக் கேட்க ஆளில்லை. ஆகவே எழுத்துக்கூட்டத் தெரியாத சொல்லையெல்லாம் முதலில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன், பிறகு வீட்டில் வந்து ஆங்கிலத்தில் மாற்றுவேன். அப்படிச் சேர்த்ததுதான் அந்தக் கொப்பி. உவமை, உருவகம், தனிமொழி, வஞ்சப் புகழ்ச்சி என்று இலக்கியச் சொற்கள் ஒரு பக்கம். பரீட்சைக்காரர் விரும்புகிற கனமான சொற்கள் மறுபக்கம். வாத்தியாராகி வந்தபிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதை வைத்தே படிப்பித்தேன். அகராதி பார்க்கமாட்டேன். டவுன் வாசிகசாலையில் பெரிய அகராதி ஒன்று மேசைமேல் கிடந்தது உனக்குத் தெரியும். ஆங்கில வாத்தியார் வந்து சொல்லுக்குப் பொருள் தேடுகிறார் என்று யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் எனக்கு. அந்த வெட்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

நீ பரீட்சை எழுதிய வருஷம் பெரிய வகுப்பில் நீங்கள் எட்டுப் பேர். பரீட்சைக்கு முந்திய மீட்டல் நாட்கள். காலையில் நாடகம், பத்து மணிக்குக் கவிதை, சாப்பாட்டுக்குப் பிறகு சொற்கள். நான் இலக்கியச் சொல்லைச் சொல்ல நீங்கள் பொருளைச் சொல்வீர்கள். நான் பொருளைச் சொல்ல நீங்கள் சொல்லைச் சொல்வீர்கள். காத்தான்குடி ஹனிபாவுக்குக் கனமான சொற்களில் ஒரு பைத்தியம். தேத்தண்ணிக் கடை பணிசைக்கூட 'மக்னிஃபிசென்ட்' என்றுதான் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். அந்த வகுப்பை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நீ அதில் இருந்ததால் இன்னும் பிடிக்கும். இருந்ததால்தான் உன்னிடம் மற்றவர்களைவிடக் கடுமையாகவும் இருந்தேன். மகனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பது ஒரு சாக்கு. உண்மையில், நீ என்னைவிடக் கெட்டிக்காரன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இரண்டு சொற்கள் இருந்தன. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேதோஸ்' தான். ஆங்கிலத்தில் முதலெழுத்து மட்டும் வேறு. ஒன்று 'பேப்பர்' என்ற சொல்லின் முதலெழுத்தில் தொடங்கும், மற்றது 'பட்டன்' என்ற சொல்லின் முதலெழுத்தில். அதனால் வகுப்பில் நீங்களே அவற்றுக்குப் பேப்பர் பேதோஸ், பட்டன் பேதோஸ் என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். பேப்பர் பேதோஸ் என்றால் படிப்பவர் மனதை உருக்கும் சோகம். அதில் சிக்கலில்லை. பட்டன் பேதோசுக்கு என் கொப்பியில் 'மிக ஆழமான சோகம்' என்று இருந்தது. என் வாத்தியார் அந்தச் சொல்லின் மூலத்துக்கு ஆழம் என்று பொருள் எனச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்குமேல் சொன்னதைக் காது தவறவிட்டு, 'ஆழம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் குற்றமில்லை.

அன்றைக்கு நான் கேட்டேன். ஏழு பேரும் கொப்பியில் இருந்ததைச் சொன்னார்கள். நீ கை உயர்த்தினாய்.

"அப்பா... சேர், அது அப்படி இல்ல எண்டு நினைக்கிறன்."

"மறுகா எப்படி?"

"பெரிசா உயரத்தில போய்க்கொண்டிரிக்கிற பேச்சு திடீரெண்டு வழுக்கிக் கீழ விழுறது சேர். அழ வேண்டிய இடத்தில சிரிப்பு வந்திரும். செத்தவீட்டில ஒராள் எழும்பி, 'அன்னார் இந்த ஊரின் விளக்கு, ஏழைகளின் காவல், அன்னாரின் மாடு நாளுக்கு நாலு போத்தல் பால் கறந்தது' எண்டு சொன்ன மாதிரி."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. நீ சொன்னதில் ஓர் உறுதி இருந்தது. எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறாய் என்று விளங்கியது. ஏழு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "இருவது வருசமா நான் படிப்பிக்கிறத விட நீ பெரிய ஆளா?" என்று கேட்டு உன் கன்னத்தில் அடித்தேன். அடித்தது போதாதென்று, கொப்பியில் உள்ள பொருளை ஐம்பது தரம் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் காலையில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாய். அழகான எழுத்து. ஒரு தரம்கூடக் குறையவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது வகுப்பை நிறுத்திப் பிள்ளைகளை வீட்டில் படிக்க விட்டேன். வீட்டில் நீ படித்துக்கொண்டிருப்பாய். நான் அங்குமிங்கும் நடப்பேன். மாட்டின் பால் என்னை விடவில்லை. இரண்டாம் நாள் வாசிகசாலைக்குப் போனேன், பத்திரிகை பார்க்கிறவன் மாதிரி. ஆட்கள் போகுமட்டும் இருந்து அகராதியைத் திறந்தேன். நீ சொன்னது சொல்லுக்குச் சொல் அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மூலையில் ஒட்டியிருந்த மைக் கறையைக் கண்டேன். உன் பேனையின் பச்சை மை. எழுதும்போது நீ விரலைக் கறைப்படுத்திக்கொள்வாய் என்று அம்மா எப்போதும் ஏசுவாளே, அந்த விரல்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. இருபது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். போனவர்கள் போய்விட்டார்கள். இந்த எட்டுப் பேருக்கும் இன்னும் ஆறு நாள் இருந்தது. அடுத்த நாள் விடியச் சைக்கிளை எடுத்தேன். டவுனில் கொஞ்சம் வேலை என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன்.

கல்லடிப் பாலத்தால் போய் முதலில் ஹனிபா வீட்டுக்கு. அவனுடைய வாப்பா தறியில் இருந்தார். என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு எழும்பினார். "என்ன சேர், இந்த வெயிலுக்க? புள்ள ஏதும் குழப்படியா?"

"இல்ல. நான்தான் பிழை விட்டுட்டன். ஒரு சொல்லப் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டன். திருத்திட்டுப் போக வந்தன்."

அவருக்கு நான் சொன்னது உடனே பிடிபடவில்லை. "இதுக்கா சேர் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று பிளேன்டீயும் வெல்லமும் எடுத்துவரச் சொன்னார். ஹனிபா கொப்பியைக் கொண்டுவந்தான். நான் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினான். எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இது அண்டைக்கு உங்கட மகன் சொன்னதுதானே சேர்?"

"ஓம்."

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

தறியில் பாதி நெய்த சாரத்துணி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, "சொல்லிட்டன்" என்றேன்.

அந்தப் பொய் எப்படி அவ்வளவு லேசாக வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடத்தானே போகிறோம், அதை இப்போதே சொன்னால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து மண்முனைத் துறைக்குப் போய், சைக்கிளையும் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனேன். செல்லத்துரையின் வீட்டில் ஆளில்லை. எல்லாரும் வயல் வட்டையில் என்றார்கள். வெட்டு முடிந்து, குவித்த கதிரைச் சூடு மிதிக்கும் நேரம். வயல் நடுவில் களத்தில் எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. செல்லத்துரை அவற்றின் பின்னால், புத்தகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு. நான் வரப்பில் நின்று அவனுடைய தகப்பனிடம், "என்ன, எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன். களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள்.

அவர் இறங்கி என்னிடம் வந்தார். "சேர், களத்துக்குள்ள அந்தச் சொல்லுச் சொல்றல்ல. சொன்னா விளைச்சல் போயிரும் எண்டு ஆக்கள் பயப்படுவாங்க. 'பெருகிற்றா' எண்டு கேளுங்க."

"பெருகிற்றா?" என்றேன்.

"ஓம் சேர், பெருகிற்று!" என்று களத்திலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். எருமைகள் மறுபடி நடந்தன. அவர் என்னைப் பனை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். நான் சொல்லைப் பிழையாகச் சொன்னேன், அவர் திருத்தினார், நான் திருத்திச் சொன்னேன், வேலை நடந்தது. ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எனக்கும் கோபம் வரவில்லை. திரும்பி வரும்போது தோணியில் இருந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் செய்த காரியம் இரண்டு மூச்சு நேரத்தில் முடிந்துவிட்டது. அதே காரியத்துக்கு நான் என் பிள்ளையின் கன்னத்தில் அடித்தேன்.

மற்ற ஐந்து வீடுகளும் அடுத்த நாள் முடிந்தன. அமிர்தகழியில் ஒருவன் என் சைக்கிளைத் தூரத்தில் கண்டதும், படிக்காமல் மாங்காய் அடித்துக்கொண்டு நின்றதற்குப் பயந்து வேலி பாய்ந்து ஓடிவிட்டான். அவனுடைய தாய்தான் பிடித்துக்கொண்டுவந்தாள். ஏழு கொப்பியிலும் ஏழு திருத்தம்.

எட்டாவது கொப்பி என் வீட்டில் இருந்தது. படலையைத் திறக்கும்போதே உன்னைக் கண்டேன். பலாமரத்தடியில் கதிரை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாய். அடிபட்ட நாளிலிருந்து நீ அப்படித்தான், நான் வந்தால் எழுந்து நிற்பாய். முன்பெல்லாம் நிற்கமாட்டாய். நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. "சாப்பிட்டியா?" என்றேன். "ஓம் அப்பா" என்றாய். நான் உள்ளே போய்விட்டேன். அம்மா பின்னால் வந்து, பிள்ளையின் முகம் ஒரு மாதிரி இருக்கிறதே, வாசிகசாலையில் பார்த்ததை அவனுக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள். அவளிடம் மட்டும் அகராதி விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவளிடமும் "சொல்லிட்டன்" என்றேன்.

நாலு நாள் இருந்தது. நாலு நாளும் நான் வீட்டுக்குள் நடந்தேன். ஏழு வீட்டு வாசலில் போய் நின்று பிழை என்று சொல்ல முடிந்த மனுசனுக்குத் தன் வீட்டு முற்றத்தில் சொல்ல முடியவில்லை. அவர்களிடம் சொன்னபோது என்னை நல்ல வாத்தியார் என்று நினைத்தார்கள்; பிளேன்டீ தந்தார்கள். உன்னிடம் சொன்னால் அந்த அடியும் சேர்ந்து பிழையாகிவிடும். பரீட்சையன்று காலையில் மண்டப வாசல் வரைக்கும் உன்னோடு நடந்து வந்தேன். "எழுத்துத் தெளிவா இரிக்கட்டும்" என்றேன். அதைத்தான் சொன்னேன், மனே. உனக்குச் சரியான பொருள் தெரியும், நீயாகவே கண்டுபிடித்தவன், நான் சொல்லாவிட்டாலும் சரியாகத்தானே எழுதுவாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தக் கேள்வி வந்தது. ஏழு பேரும் சரியாக எழுதினார்கள். பெறுபேறு வந்தபோது நீ சித்தியடைந்திருந்தாய், ஆனால் ஆங்கிலத்தில் உனக்கு எதிர்பார்த்த திறமைச் சித்தி இல்லை. கொழும்புக்குப் போய்ப் பட்டப்படிப்புப் படிக்கும் வழி அதோடு அடைபட்டது. ஒரு சொல்லால்தான் அது போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது. உலக யுத்தம் வந்தது. நீ அரிசிக் கூப்பன் கந்தோரில் நாலு வருஷம் இருந்தாய். பிறகு பயிற்சிக் கல்லூரி. இப்போது இந்த வேலை.

போன கிழமை ஹனிபா உனக்கு இரண்டு சாரம் கொண்டுவந்து தந்தானே, அன்று நீ வீட்டில் இல்லை. இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது பழைய கதை வந்தது. "உங்கட மகனப் போல ஒருத்தன நான் காணல்ல சேர்" என்றான். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் அவன் உன்னிடம் பட்டன் பேதோசுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டானாம். நீ ஆழமான சோகம் என்று எழுதியதாகச் சொன்னாயாம். "சேர் உன்னட்டயும் சொல்லிட்டன் எண்டாரே, எங்கட வீட்டுக்கெல்லாம் வந்தாரே" என்று அவன் கேட்க, நீ, "அப்பாட பாடத்த அப்பாட மகனே மாத்தி எழுதினாச் சரியா?" என்றாயாம். அதை ஒரு பெரிய காரியமாக நினைத்துத்தான் ஹனிபா எனக்குச் சொன்னான். அவன் போனபிறகு நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. எட்டு வருஷம் நீ அதைத் தெரிந்துகொண்டே என்னோடு ஒரு மேசையில் சாப்பிட்டிருக்கிறாய். எனக்காக உன் படிப்பையே விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

படலைச் சத்தம் கேட்கிறது. நீதான். இதைப் பெட்டிக்குள் மறைத்து வைத்து அனுப்பத்தான் எழுதத் தொடங்கினேன். அதுவும் பழைய கள்ளம்தான். எழுந்து வருகிறேன்.

*

நீ போய் ஒரு நாள் ஆகிறது. மிச்சத்தையும் எழுதி அனுப்புகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத வேண்டும்போல இருக்கிறது, எழுதாவிட்டால் நாளைக்கு அதை எனக்கு வசதியாக மாற்றிக்கொண்டுவிடுவேன் என்ற பயம்.

நான் முற்றத்தில் உன்னை மறித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை. பாலம், தறி, களம், அகராதி என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். நீ சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாய். கடைசியில், "எனக்காகத்தானே மனே அப்படி எழுதினாய், என்னக் காப்பாத்த" என்றேன். அதில்கூட எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, இப்போது சொல்கிறேன். அவ்வளவு பாசம் வைத்த பிள்ளைக்குத் தகப்பன் என்ற ஆறுதல்.

நீ இல்லையென்று தலையாட்டினாய். "இல்ல அப்பா. ஹனிபாட்ட அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனா அது வெக்கத்தில சொன்னது."

"மறுகா?"

"ஐம்பது தரம் எழுதினன் அப்பா. முப்பது நாப்பது ஆகக்குள்ள, நான் அகராதியில பாத்ததுதான் பிழையோ எண்டு வந்திற்று. பரீட்சையில அந்தக் கேள்வியக் கண்டதும் ரெண்டும் ஞாபகம் வந்திச்சி. எது சரி எண்டு எனக்குத் தெரியல்ல. அப்பா அடிச்சா காரணம் இல்லாம அடிக்கமாட்டார் எண்டு நினைச்சன். எழுதிட்டன்."

நீயே மேலே சொன்னாய்: "அதுக்குப் புறகு கூப்பன் கந்தோரில கணக்குப் பிழையாப் போறது கண்ணுக்குத் தெரிஞ்சாலும் வேற ஆரும் முதல்ல சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிரிப்பன். இப்பவும் அப்படித்தான்."

மனே, நீ படிப்பை எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்று நான் ஒரு கிழமை அழுதேன். அது நடக்கவேயில்லை. நான் உன்னிடமிருந்து எடுத்தது, தன் கண்ணால் கண்டதைத் தானே நம்புகிற அந்தப் பலத்தை. பரீட்சை எழுத இன்னொரு வருஷம் வரும். இதற்கு எங்கே போவது? "என்ன மன்னிச்சிரு" என்றேன். இதற்குமுன் வாழ்க்கையில் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதாக ஞாபகமில்லை. எள்ளு ஒட்டிய கையோடு வாசலில் நின்ற அம்மா, "எனக்கும் பொய்தானே சொல்லிரிக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று முழுக்க என்னோடு அவள் பேசவில்லை. அதுவும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

கொப்பியை நான் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன். நீ விடவில்லை. "ஒரு சொல்லுத்தானே அப்பா பிழை. மிச்சமெல்லாம் நல்லாத்தான் இரிக்கு" என்று சொல்லி, மேசையில் இருந்த என் பேனையை எடுத்து நீயே வெட்டித் திருத்தினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைத் திருத்த வேண்டியவன் நீதான் என்று எனக்குத் தோன்றியது.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதியில் இல்லை. ஆனாலும் தகப்பன், வாய் சும்மா இருக்காது. உன் வகுப்பில் ஒரு பிள்ளை கை உயர்த்தி, நீ சொன்னது அப்படி இல்லை என்று சொல்லும், கட்டாயம் சொல்லும். முகம் சூடாகும். வகுப்பே உன்னைப் பார்க்கும். அந்த நேரத்தில் எதையும் சரி என்றும் சொல்லாதே, பிழை என்றும் சொல்லாதே. எங்கே பார்த்தாய் என்று கேள். அது பார்த்த இடத்துக்கு அந்தப் பிள்ளையோடு நடந்து போ. ஒருவருக்கும் தெரியாமல் தனியே போகாதே, அது நான் போன வழி. இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பாருங்கள். பிள்ளை சொன்னது பிழையென்றால் அங்கேயே அதற்குத் தெரிந்துவிடும். சரியென்றால் அன்றைக்கே வகுப்புக்குத் திரும்பி வந்து எல்லாருக்கும் முன்னால் சொல். நாலு நாள் போகவிட்டால் பிறகு வராது. எட்டு வருஷம் ஆகிவிடும்.

நேற்றுப் பின்னேரம் ஸ்டேசனில் பெட்டியை ஏற்றிவிட்டு நான் யன்னலுக்குக் கீழே நின்றேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு முன்னால் இருந்தவர் ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். நீ அதை எட்டிப் பார்த்துவிட்டு, யன்னலால் குனிந்து, தலைப்பில் இருந்த ஒரு சொல்லைச் சொல்லி என்ன பொருள் என்று என்னைக் கேட்டாய். தெரியாமல் கேட்டாயா, என்னைப் பார்க்கக் கேட்டாயா, அது எனக்குத் தெரியாது. நான் கேள்விப்படாத சொல்.

"தெரியா, மனே" என்றேன்.

நீ சிரித்தாய். "எனக்கும் தெரியா அப்பா" என்றாய். கடலோடு சேர்ந்த சொல்லாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். இல்லை, சட்டத்தோடு சேர்ந்தது மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை என்றேன். எனக்குத் தோன்றுகிறது என்று நீ விடாமல் சொன்னாய். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி நகரத் தொடங்கியும் நீ யன்னலால் தலையை நீட்டி, "நான் சொல்றதுதான் சரி அப்பா!" என்று கத்திக்கொண்டே போனாய்.

உன் அப்பா